ஒரு போஸ்ட் மாஸ்டரால தொங்கின அதிபர் நாற்காலி

கேள்வி: 2018-ல நம்ம டெல்லியில பார்லிமெண்டரி செகரட்டரியா இருந்தாங்கன்னு 20 எம்.எல்.ஏ.க்களைத் தகுதி நீக்கம் பண்ணாங்க, ரெண்டே மாசத்துல ஹைகோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. இந்த ஆதாயம் தரும் பதவி பஞ்சாயத்தெல்லாம் வெளிநாட்டுல உண்டா சார்? – வாசகி, ஆர்.கே.புரம்

பதில்: உண்டாவா! அமெரிக்காவுல அதிபர் பதவியே இதுல ஊசலாடியிருக்கும்மா. வருஷம் 1876, மாநிலம் மேற்குக் கரையில இருக்கிற ஓரிகன். அங்க ஜனங்க போடற ஓட்டு எலக்டர்களுக்குத்தான், அவங்க கூடி அதிபருக்குப் போடுவாங்க. ஓரிகனுக்கு மொத்தமே மூணு எலக்டர். ரிபப்ளிகன் ஹேய்ஸ் சுமார் ஆயிரம் ஓட்டுல அங்க ஜெயிச்சார், மூணும் அவருக்குத்தான்னு இருந்தப்போ, அதுல வாட்ஸ்னு ஒருத்தர் போஸ்ட் மாஸ்டராச்சேன்னு கிளப்பிவிட்டாங்க. மத்திய அரசுல ஆதாயப் பதவி வகிக்கிறவர் எலக்டர் ஆகக்கூடாதுன்னு அவங்க அரசியல் சாசனத்துலயே இருக்கு.

வேற வருஷமா இருந்தா யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்க. டெமாக்ரட் டில்டன் கையில அப்போ 184, வேண்டியது 185. புளோரிடா, லூசியானா, சவுத் கரோலினா மூணுலயும் ஏற்கெனவே அடிதடி, இங்க ஒண்ணு தேறினா போதும்! கவர்னர் குரோவரும் டெமாக்ரட்தான், வாட்ஸ் பேரை அடிச்சுட்டு, தோத்துப்போன க்ரோனினுக்கு சர்டிபிகேட் கொடுத்துட்டார். ஜெயிச்சவருக்குத் தகுதி இல்லன்னே வச்சுக்குவோம், அதுக்காகத் தோத்தவர் எப்படி ஜெயிச்சவர் ஆவார்? என்னைக் கேட்டா சுத்த அடாவடி.

டிசம்பர் 6, சேலம்ல (மாம்பழ சேலம் இல்ல, ஓரிகனோட தலைநகர்) நடந்தது பெரிய கூத்து. சர்டிபிகேட்டை க்ரோனின் கையை விட்டுக் கொடுக்கல, மத்த ரெண்டு ரிபப்ளிகன்களும் அவரோட உட்காரவே மாட்டோம்னுட்டாங்க. போஸ்ட் ஆபீஸ் வேலையை ஏற்கெனவே விட்டிருந்த வாட்ஸ் எலக்டர் பதவியையும் ராஜினாமா பண்ண, இவங்க ரெண்டு பேரும் அந்தக் காலி இடத்துல அவரையே மறுபடி உட்கார வச்சு, மூணும் ஹேய்ஸுக்குன்னு எழுதி அனுப்பிட்டாங்க. க்ரோனின் சும்மா இருப்பாரா, தன் பங்குக்கு ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டு டில்டனுக்கு ஒண்ணு, ஹேய்ஸுக்கு ரெண்டுன்னு தனியா ஒரு பேப்பர். பாருங்க, வேணும்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு மேல ஆசைப்படல.

ரெண்டு பேப்பரும் வாஷிங்டன் போய், செனட்டர் 5, கீழ்சபை மெம்பர் 5, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் 5ன்னு போட்ட கமிஷன் 8-க்கு 7ன்னு வாட்ஸ் ஓட்டையும் ஹேய்ஸ் கணக்குல சேர்த்துச்சு. மத்த மூணு மாநிலமும் அவருக்கே போச்சு. கடைசியில 185–184. மார்ச் 1877-ல ஹேய்ஸ் அதிபர்.

கேள்வி: நாடு முழுக்க மக்கள் ஓட்டு யாருக்கு அதிகம்? – வாசகர், கரோல் பாக்

பதில்: தோத்த டில்டனுக்குத்தான், ரெண்டரை லட்சம் போல கூடுதல்.

கேள்வி: அந்த கவர்னர் என்ன ஆனார்? – வாசகர், மயூர் விஹார்

பதில்: ஒண்ணும் ஆகல. அதே 1877-ல செனட்டரா வாஷிங்டன் போய், 1883 வரைக்கும் ஜம்முன்னு இருந்தார்.