மடியை ஊசி வளர்க்குமா?

கேள்வி: ஏழு மாதக் கிடேரி வைத்திருக்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் மடி பெருத்துப் பால் கூடுமாமே, உண்மையா?

பதில்: பால் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது கறவையில் இருக்கும் மாட்டுக்கு. இந்த ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொன்றைச் சுரக்க வைக்கிறது. தின்ற தீவனத்தின் சத்தும் உடம்பில் சேர்ந்த கொழுப்பும் மடிப் பக்கம் திரும்ப, பால் சுரக்கும் செல்கள் சீக்கிரம் அழியாமல் நிற்கின்றன. சுமார் 10 முதல் 15 சதவீதம் வரை பால் ஏறும். தீவனம் போதாவிட்டால் மாடு எலும்பும் தோலுமாகிவிடும், மடிநோய் வரும் வாய்ப்பும் கூடும். அமெரிக்கா 1993-இல் இதற்கு அனுமதி தந்தது; கனடா 1999-இல் மறுத்தது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் தடைதான்.

சரி, உங்கள் கிடேரிக்கு வருவோம். பருவத்துக்கு வருமுன் உள்ள இந்த மாதங்களில் மடித் திசு உடம்பைவிட வேகமாக வளரும், அதற்குத் தேவையான ஹார்மோன் அதன் உடம்பிலேயே ஊறுகிறது. சீக்கிரம் சினைக்கு வரட்டும் என்று அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டினால் அந்தச் சுரப்பு குறைந்து மடியில் கொழுப்புதான் அடையும். அப்புறம் கன்று ஈன்றதும் பார்க்க மடி பெரிதாகத்தான் இருக்கும், கறந்து முடித்த பிறகும் சுருங்காமல் கெட்டியாகவே தொங்கும். நல்ல மடி என்றால் கறந்ததும் தோல் மடிப்பு மடிப்பாகத் தளர்ந்துவிட வேண்டும். ஊசியை விடுங்கள், தீவனத்தை அளந்து போடுங்கள்.