அடிதடி வீட்டுப் பிள்ளைகள்: இந்த மாதக் கேள்விகள்

கே: அடி வாங்குவது நான்தான், குழந்தையை அவர் தொட்டதே இல்லை. 8 மாதக் குழந்தை, பாதி நேரம் தூக்கம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

தெரியும். 2013-இல் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 6 முதல் 12 மாதக் குழந்தைகள் தூங்கும்போதே மூளையை ஸ்கேன் செய்துகொண்டு ஓர் ஆண் குரலைக் கேட்க வைத்தார்கள். அர்த்தமில்லாத சொற்கள், தொனி மட்டும் மாறும். சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளை, கோபத் தொனிக்கு மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தது. சுமார் 20 குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் 'தூங்குகிறாள்' என்று இனி ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. நீங்கள் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள். உங்கள் பாதுகாப்புதான் அவளுக்கு முதல் சிகிச்சை.

கே: பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறல், மிகைத் துறுதுறுப்பு) மாத்திரை ஆரம்பிக்கலாமா?

வயது எழுதவில்லை. எத்தனை மாதமாக என்று எழுதவில்லை. கடைசி வரியில் போகிறபோக்கில் 'வீட்டில் கொஞ்சம் பிரச்சினை இருந்தது' என்கிறீர்கள். அந்த வரியை அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும்! அடி விழும் வீட்டுப் பிள்ளையின் காது எந்நேரமும் வாசல் கதவிலேயே இருக்கும். கரும்பலகையில் எப்படி மனம் நிற்கும்? வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பயமும் ஏ.டி.எச்.டி.யும் ஒரே மாதிரி தெரியும், சில பிள்ளைகளுக்கு இரண்டுமே இருக்கும். குழந்தை மனநல மருத்துவரிடம் வீட்டு விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை அவர் முடிவு செய்யட்டும். இன்னொரு தடவை சொல்கிறேன், வயதில்லாமல் கடிதம் அனுப்பாதீர்கள்.

கே: சின்ன வயதுக் கஷ்டங்களை எண்ணும் 10 கேள்வி 'ஏஸ்' டெஸ்டை நெட்டில் போட்டேன். மகளுக்கு 6 வந்தது. ஆயுள் குறையுமா?

அந்த மதிப்பெண்ணைத் தூக்கிப் போடுங்கள். 1995 முதல் 1997 வரை கலிபோர்னியாவில் நடந்த ஆய்விலிருந்து வந்தது அது; சுமார் 17,000 பெரியவர்களிடம் பழைய கதையைக் கேட்டுச் செய்தார்கள். கூட்டத்துக்குப் பொருந்தும் கணக்கு. தனி ஒரு பிள்ளைக்கு ஜோசியம் சொல்ல அது ஆகாது என்று ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே 2020-இல் எழுதினார்.

கே: மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பஞ்சாயத்து பேச ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடுகிறோம். அடித்ததை 7 வயதுப் பேத்தி பார்த்திருக்கிறாள். அவள் வாயால் சொன்னால்தான் மாப்பிள்ளை ஒத்துக்கொள்வார். கூட்டிப் போகலாமா?

கூடாது ஐயா. கூடவே கூடாது.

இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் மாதாமாதம் வருகிறது. கூடத்தில் பத்துப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பிள்ளை நிற்கும், கவுன் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு. 'சொல்லும்மா, அப்பா அன்னைக்கு என்ன பண்ணாரு?' பிள்ளை வாய் திறப்பதற்கு முன் அப்பா முகத்தைப் பார்க்கும், அம்மா முகத்தைப் பார்க்கும், பாட்டி முகத்தையும் பார்க்கும். எந்தப் பதில் சொன்னால் ராத்திரி அடி விழாது என்றுதான் அதன் கணக்கு. சொன்னாலும் துரோகம், சொல்லாவிட்டாலும் துரோகம். நாளைக்குக் குடும்பம் பிரிந்தால் 'என்னால்தான்' என்று அந்தப் பிள்ளை வளரும்.

'மனசுவிட்டுச் சொன்னால் பாரம் குறையும்தானே' என்பார்கள். பேச வைக்கும் சிகிச்சை இருக்கிறது, உண்மைதான். கோஹன், மனரினோ, டெப்ளிங்கர் என்ற அமெரிக்க நிபுணர்கள் வகுத்த முறை, 12 முதல் 16 வாரம் போகும். அதில் முதல் சில வாரங்கள் பதற்றத்தை அடக்கவும் உணர்வுக்குப் பெயர் வைக்கவும்தான் கற்றுத்தருகிறார்கள். நடந்ததைச் சொல்வது அதற்கப்புறம், பயிற்சி பெற்ற ஒருவரிடம், பிள்ளையின் வேகத்தில். அதற்கும் ஒரு பஞ்சாயத்துக்கும் என்ன சம்பந்தம்?

மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் உங்கள் மகளே மனு கொடுக்கலாம், மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். அடிக்கக் கூடாது என்ற உத்தரவு, வீட்டில் இருக்கும் உரிமை, பிள்ளையின் இடைக்காலப் பொறுப்பு எல்லாம் அதிலேயே கேட்கலாம். உத்தரவை அவர் மீறினால், உங்கள் மகள் ஒருத்தியின் சாட்சியத்தை வைத்தே கோர்ட் முடிவுக்கு வரலாம் என்கிறது 32-ஆம் பிரிவு. சட்டமே கேட்காத சாட்சியைப் பேத்தியிடம் நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு தோழி வீட்டில் விடுங்கள்.

கே: நானும் 4 வயது மகனும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். அவனை மட்டும் கவுன்சலிங் அனுப்பினால் போதுமா?

போதாது, நீங்களும் போங்கள். சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மேன் குழு, வன்முறையைப் பார்த்த பாலர் வயதுப் பிள்ளைகளையும் அம்மாக்களையும், சுமார் 75 ஜோடிகள், வைத்து ஆய்வு செய்தது. 2005-இல் முடிவு வந்தது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஒரு வருடம். பிள்ளையின் தொந்தரவும் குறைந்தது, அம்மாவின் அதிர்ச்சியும் குறைந்தது. அதே முறை உங்கள் ஊரில் கிடைக்காவிட்டாலும், 'எங்கள் இருவரையும் சேர்த்துப் பாருங்கள்' என்று மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலும் குழந்தைகளுக்குத் தனித் துறை உண்டு. ஆனால் திரும்ப அதே வீட்டுக்கு அனுப்பிவிட்டு கவுன்சலிங் நடத்துவதில் பயனில்லை. முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கே: நான் ஆசிரியை. 4-ஆம் வகுப்பு மாணவன், 'அப்பா தினமும் அம்மாவை அடிக்கிறார்' என்றான். அப்பாவைக் கூப்பிட்டுப் பேசவா?

வேண்டாம் டீச்சர். யார் சொன்னது என்று அவருக்கு உடனே புரிந்துவிடும், அன்றிரவு அவனுக்கும் விழும். 'சொன்னது நல்லது, தப்பு உன் மேல் இல்லை' என்று அவனிடம் சொல்லுங்கள்; துருவிக் கேட்காதீர்கள். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். அம்மாவைத் தனியாகப் பார்க்க முடிந்தால் 181 எண்ணைக் கொடுங்கள், நோட்டில் எழுதி அனுப்பாமல் கையில்.