மேற்கு வாசல் வீட்டு முகப்புக்கு எந்தக் கொடி ரோஜா வைக்கலாம்?

பல்லடத்தில் புது வீடு, மேற்கு வாசல், போர்டிகோ தூணில் ரோஜாக் கொடி ஏத்தணும், எந்த ரகம் வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. நானும் உடுமலைப் பக்கத்து மேற்கு வாசல்காரன்தானுங்க. ரகம் இருக்கட்டும், முதல்ல எந்தத் தூண்னு முடிவு பண்ணுங்க.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம வாசல்லதான் வந்து மோதும். காற்றாலைக்கு அது கொண்டாட்டம், ரோஜாவோட இளந்தண்டுக்குத் திண்டாட்டம். அதோட, மதியத்துக்கு மேல வெயிலைக் குடிச்ச சுவர் பொழுது சாஞ்ச பிறகும் சுட்டுக்கிட்டே இருக்கும். அதை ஒட்டிக் கட்டின கொடியில் பங்குனி, சித்திரையில் செஞ்சிலந்தி அப்பும். இலை மங்கி மஞ்சளாகிக் கொட்டிடும். அதனால வடக்குத் தூணே என் தேர்வு. தெற்குத் தூணும் போர்டிகோவும் கொஞ்சம் காத்தைத் தாங்கிக்கும். தூணிலிருந்து அரை அடி தள்ளிக் கம்பி வலை அடிச்சு, அதில் ஏத்துங்க. ரோஜாவுக்குப் பாகல் மாதிரி பற்றுச் சுருள் கிடையாது, தானா ஏறாது. நாமதான் கட்டிக்கிட்டே போகணும்.

நான் வைச்ச முதல் கொடி கதையைக் கேளுங்க. நர்சரியில் சிவப்புக் கொடி ரோஜான்னு குடுத்தாங்க. முதல் வருசம் நாலு பூ. அப்புறம் சரசரன்னு மாடி வரைக்கும் போச்சு, எனக்கு ஒரே பெருமை. மூணு வருசம் ஒரு மொட்டில்லை. கடைசியில் பார்த்தா, மேல ஒட்டின ரோஜா எப்பவோ செத்துப்போய், ஒட்டுக்குக் கீழே, ரோஜாவை ஒட்ட அடியில் வைச்ச வேர்ச்செடியிலிருந்து கிளம்பின போத்தைத்தான் அத்தனை நாளும் எரு போட்டு வளர்த்திருக்கேன். ஒட்டு முடிச்சுக்குக் கீழே எது முளைச்சாலும் அன்னைக்கே அடியோட பிச்சு எறிஞ்சுடுங்க.

அந்தச் செடி இருந்ததும் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில். "கண்ணு, வாரவிய சேலையெல்லாம் முள்ளுல மாட்டுது, ஒண்ணு செடிய எடு, இல்ல கேட்ட எடு"ன்னாங்க அம்மா. நடை வழியிலிருந்து மூணு அடியாவது தள்ளி வைங்க.

ரகத்துக்கு வர்றேன். வெள்ளை பிடிச்சா 'டெல்லி ஒயிட் பேர்ல்' கேட்டுப் பாருங்க. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் பி. பி. பால் உருவாக்கினது. கோதுமை ஆராய்ச்சிக்காரர், ரோஜாப் பைத்தியம். மஞ்சளுக்கு 'மரேஷல் நீல்', 1864-ல் வந்த பிரெஞ்சு ரகம், குளிரைவிடச் சூட்டை விரும்பும். காம்பு பலமில்லாம பூ தலைகுனிஞ்சே தொங்கும். குவளையில் வைக்கிறவங்களுக்கு அது குறை, தூணுக்குக் கீழே நின்னு அண்ணாந்து பார்க்கிறவங்களுக்கு அதுதான் அழகு. புதர் ரோஜாப் பேருக்கு முன்னால 'கிளைம்பிங்'னு போட்டிருந்தா முதல் ரெண்டு வருசம் கத்தரியைக் கிட்டக் கொண்டு போகாதீங்க. ஒட்ட வெட்டினா பழையபடி புதராவே நின்னுடலாம். ஊட்டியில் பூத்துக் குலுங்குறதைப் பார்த்து அங்கிருந்து தூக்கிட்டு வர வேண்டாம். பூவோட இருக்கிற செடியை உள்ளூரிலேயே வாங்குங்க.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அவ்வளவே. வீடு கட்டின சிமெண்ட் கழிவு அங்கே புதைஞ்சிருக்கும், முழுசா அள்ளிடுங்க. ஏற்கெனவே நம்ம பக்கம் பல இடத்தில் சுண்ணாம்பு மண். அது கூடினா இரும்புச் சத்து கிடைக்காம, நரம்பு மட்டும் பச்சையா நின்னு இலை வெளுத்துடும். மக்கின சாணி எரு தாராளமா போடுங்க. மேலே மூட பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு இருக்கவே இருக்கு, மக்கினதா பார்த்து வாங்குங்க.

பூ நிறைய வேணும்னா தண்டை நேரா மேலே விடாதீங்க. நேரா போனா நுனியில் மட்டும் பூக்கும். தூணைச் சுத்திச் சாய்வா வளைச்சுக் கட்டினா கணுவுக்குக் கணு பக்கக் கிளை வந்து, கீழிருந்தே பூ எடுக்கும். தண்டு முத்திட்டா வளைக்கும்போது ஒடிஞ்சுடும், இளசா இருக்கும்போதே கட்டிடுங்க.

தெற்குத் தூண் சும்மா நிக்குதேன்னு அங்கேயும் ரோஜா வைக்காதீங்க. ரங்கூன் மல்லி வைங்க. பொழுது சாயும்போது வெள்ளையா விரிஞ்சு, ரோஸாகி, அப்புறம் சிவப்பாகும். எங்க வீட்டில் அந்தத் தூண் அம்மாவோடது. எந்த ஆடிக் காத்துக்கும் அது அசைஞ்சதில்லை.