சிறிய பிராந்திய விமான நிறுவனங்கள் ஏன் தள்ளாடுகின்றன? கேள்வி பதில்

பிராந்திய விமான நிறுவனங்களின் வழித்தடத் திட்டமிடலிலும் நிதிப் பிரிவிலும் நெடுங்காலம் பணியாற்றிய எங்கள் குழு உறுப்பினர் ஒருவர், மற்ற உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி: நான் பயணம் செய்யும்போதெல்லாம் அந்தச் சிறிய விமானம் ஏறக்குறைய நிரம்பியே இருக்கிறது. பிறகு அந்த நிறுவனம் நட்டத்தில் ஓடுவதாகச் சொல்வதை எப்படி நம்புவது?

பதில்: நம்பலாம். விமானம் நிரம்புவதும் செலவு மீள்வதும் தனித்தனிக் கணக்குகள். 70 இருக்கை விமானத்துக்கும் 180 இருக்கை விமானத்துக்கும் விமானியறையில் இருவர்தான் தேவைப்படுகிறார்கள். ஆனால் அவர்களுடைய சம்பளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பயணிகளின் எண்ணிக்கை முதலாவதில் பாதிக்கும் குறைவு. பாதுகாப்பு, பயிற்சி, பராமரிப்புக் கட்டுப்பாடு, தரை இயக்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விமானப் போக்குவரத்து விதிகள் கேட்கின்றன; ஐந்து விமானம் வைத்திருப்பவருக்கும் ஐம்பது விமானம் வைத்திருப்பவருக்கும் அந்த நாற்காலிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஓர் இருக்கையைக் குறிப்பிட்ட தூரத்துக்குக் கொண்டு செல்லும் செலவு சிறிய நிறுவனத்துக்கு எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 70 இருக்கைகளில் 52 விற்றால்தான் செலவு கட்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 49 பேர் ஏறினால், பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல கூட்டம். நிதிப் பிரிவின் பார்வையில் ஒவ்வொரு புறப்பாடும் ஒரு சிறு நட்டம். அத்துடன், காலையில் சிற்றூரிலிருந்து நகரத்துக்குச் செல்லும் விமானம் நிரம்பியிருக்கும். அதே விமானம் திரும்பி வரும்போது பாதி காலியாக இருக்கும். பெரும்பாலான பயணிகள் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் கட்டணத்தை உயர்த்திவிட்டுப் போகலாமே?

பதில்: ஓரளவுக்கு மேல் முடியாது. 300, 400 கிலோமீட்டர் வழித்தடத்தில் உண்மையான போட்டியாளர் காரும் ரயிலும்தான். விமான நிலையத்துக்கு முன்கூட்டியே வந்து சேரும் நேரத்தையும் இறங்கிய பின் ஊருக்குள் செல்லும் நேரத்தையும் சேர்த்தால், பயணி மிச்சப்படுத்துவது ஒன்றிரண்டு மணி நேரமே. அதற்கு அவர் கொடுக்கச் சம்மதிக்கும் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. வரியும் சேர்ந்துகொள்ளும்: 2020-இல் பிரிட்டனுக்குள் போய்த் திரும்பும் பயணி ஒருவர், விமானப் பயணி வரியாக மட்டும் போகும்போது 13 பவுண்டும் வரும்போது 13 பவுண்டும் கொடுக்க வேண்டியிருந்தது. குறுந்தூரக் கட்டணத்தில் அது பெரிய பங்கு. உள்நாட்டு வழித்தடங்களைப் பெரிதும் நம்பியிருந்த ஃபிளைபி நிறுவனம் நீண்ட காலமாக இந்த வரியைப் பற்றி முறையிட்டு வந்தது. கொரோனாவால் முன்பதிவுகள் குறைந்த 2020 மார்ச் 5-ஆம் தேதி அது மூடப்பட்டது.

கேள்வி: ஒரு விமானம் பழுதானால் மூன்று நாட்களுக்குச் சேவை சீர்குலைகிறது. பெரிய நிறுவனங்களில் இப்படி நடப்பதில்லையே, இது நிர்வாகக் குறைபாடு அல்லவா?

பதில்: சில இடங்களில் நிர்வாகக் குறைபாடும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அடிப்படைக் காரணம் எண்ணிக்கை. நூறு விமானம் உள்ளவர் இரண்டை மாற்றுக்கென்று ஒதுக்கி வைக்க முடியும். ஐந்து உள்ளவர் ஒன்றை ஒதுக்கினால், வருமானம் ஈட்டும் திறனில் ஐந்தில் ஒரு பங்கை ஓடுபாதைக்கு வெளியே நிறுத்தி வைத்ததாகிவிடும். எனவே எல்லாவற்றையும் பறக்க விடுகிறார்கள். ஒரு பறவை என்ஜினில் மோதினால் அன்றைய அட்டவணை முழுவதும் குலைகிறது.

நின்றுபோன விமானத்துக்கும் குத்தகை கட்டியாக வேண்டும் என்பதை வெளியில் இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. குத்தகை பெரும்பாலும் டாலரில். டிக்கெட் வருமானமோ உள்ளூர் நாணயத்தில். மாத வாடகையுடன், என்ஜின், தரையிறங்கு சக்கர அமைப்பு, உந்துவிசிறி ஆகியவற்றை எதிர்காலத்தில் முழுமையாகச் செப்பனிடுவதற்காக, பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு தொகையை விமானத்தைக் குத்தகைக்கு விட்டவரிடம் முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதும் வழக்கம். உள்ளூர் நாணயத்தின் மதிப்பு சரிந்த மாதத்தில், ஒரு பயணிகூடக் குறையாமலேயே நிறுவனம் நட்டத்துக்குள் போய்விடும்.

விமானம் கிடைப்பதும் கடினமாகி வருகிறது. 34 இருக்கை கொண்ட சாப் 340-இன் உற்பத்தி 1999-இல் நின்றுவிட்டது. டேஷ் 8-400-இன் உற்பத்தி 2021-இல் நிறுத்தப்பட்டது. 70 இருக்கை அளவில் புதிய டர்போபிராப் (உந்துவிசிறியால் இயங்கும் விமானம்) வேண்டுமென்றால் இன்று பெரும்பாலோர் செல்லும் இடம் பிரான்சின் துலூஸ் நகரிலுள்ள ஏ.டி.ஆர். நிறுவனம்தான். நார்வேயின் விடெரோ நிறுவனம் சுமார் 800 மீட்டர் ஓடுபாதைகளில் இறங்குவதற்குப் பழைய டேஷ் 8-100 விமானங்களையே இன்னும் நம்பியிருக்கிறது. அவ்வளவு நீளம் குறைந்த ஓடுபாதைக்கு ஏற்ற, அதே அளவிலான மாற்று விமானம் தொடர் உற்பத்தியில் இல்லை.

கேள்வி: விமானிகள் ஓரிரு ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களுக்குச் சென்றுவிடுகிறார்களாமே? முன்கூட்டியே விலகினால் பணம் கட்ட வைக்கும் ஒப்பந்தப் பிணையால் அவர்களைத் தடுக்க முடியாதா?

பதில்: பிணை ஒருவரைச் சில மாதங்கள் தாமதப்படுத்தும், மனத்தை மாற்றாது. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விபத்தில் 50 பேர் உயிரிழந்தனர். அதன் தொடர்ச்சியாக, பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. சிற்றூர்களை இணைத்து வந்த கிரேட் லேக்ஸ் ஏர்லைன்ஸ், இந்தத் தகுதி பெற்ற விமானிகளின் பற்றாக்குறையைக் கடுமையாகச் சந்தித்து, 2018 மார்ச்சில் சேவையை நிறுத்தியது. அந்த விதியைக் குறை சொல்வோர் உண்டு. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் போராடிப் பெற்ற ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை, ஒரு தொழிலின் வசதிக்காகத் தளர்த்தக் கோருவதை நான் ஏற்க மாட்டேன்.

சிறிய நிறுவனத்தால் சம்பளத்தில் போட்டியிட இயலாது. ஆனால் பெரிய நிறுவனம் எளிதில் தர முடியாத ஒன்றை அதனால் தர முடியும்: காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் பணி அட்டவணை. அதை ஒழுங்காகக் காப்பாற்றும் நிறுவனங்களில், குடும்பத்தோடு ஓரிடத்தில் வேர் ஊன்றிய கேப்டன்கள் நிலைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊழியர் குறைவு என்று சொல்லி அந்த அட்டவணையையே முதலில் பலியிடுவதுதான் வேதனை.

கேள்வி: சிறியதாக இருப்பதே பிரச்சினை என்றால், பெரிதாக வளர்வதுதானே தீர்வு?

பதில்: இந்தக் கேள்விதான் பல நிறுவனங்களை வீழ்த்தியிருக்கிறது, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஆன்செட் நிறுவனம் 2001-இல் வீழ்ந்த பிறகு, அதன் துணை நிறுவனங்களாக இருந்த ஹேசல்டனும் கெண்டலும் இணைந்து 2002-இல் ரெக்ஸ் என்ற பிராந்திய நிறுவனம் உருவானது. சாப் 340 விமானங்களைக் கொண்டு, பெரியவர்கள் கண்டுகொள்ளாத சிற்றூர்களை அது நகரங்களோடு இணைத்தது. 2021 மார்ச்சில் அது போயிங் 737 விமானங்களுடன் மெல்போர்ன் – சிட்னி வழித்தடத்தில் நுழைந்தது. உலகின் மிகவும் நெரிசலான வழித்தடங்களுள் ஒன்றான அதில், குவாண்டாஸ், வர்ஜின் ஆகிய இரு பெரிய நிறுவனங்களும் ஏற்கெனவே வலுவாக வேரூன்றியிருந்தன. 2024 ஜூலை இறுதியில் ரெக்ஸ், நிதி நெருக்கடியில் நியமிக்கப்படும் வெளி நிர்வாகிகளின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. பெருநகரங்களுக்கிடையிலான ஜெட் சேவை நின்றது. சிற்றூர்களுக்கான சாப் 340 சேவை தொடர்ந்தது.

நெரிசலான வழித்தடத்தில் நிறையப் பயணிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே கட்டணத்தைத் தீர்மானிப்பவர், நீண்ட நாள் நட்டத்தைத் தாங்கக்கூடிய பெரிய நிறுவனமே. நாளுக்கு ஒன்பது புறப்பாடு வைத்திருப்பவரிடம் இரண்டு புறப்பாடு வைத்திருப்பவர் வணிகப் பயணியைப் பறிக்க முடியாது. அலுவல் கூட்டம் நீண்டு ஒரு விமானம் தவறினால் அடுத்த மணி நேரத்தில் வேறொரு விமானம் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பயணியின் கணக்கு. மேலும், இரண்டாவது வகை விமானம் வந்த நாள் முதல் விமானிகள் பயிற்சி, உதிரிபாகக் கிடங்கு, பொறியாளர் உரிமம் எல்லாம் இரட்டிப்பாகின்றன.

வளரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே வகை விமானத்தோடு, தன் தளத்தை ஒட்டிய ஊர்களுக்கு, ஒவ்வொரு வழித்தடமும் தன் செலவைத் தானே சுமக்கத் தொடங்கிய பிறகே அடுத்ததைத் திறக்கும் வளர்ச்சி மெதுவானது. முதலீட்டாளர் கூட்டங்களில் அது கைதட்டல் பெறாது. இருந்தாலும் ஒரு பிராந்திய நிறுவனத்துக்கு ஏற்ற வளர்ச்சி அதுவே என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: பெரிய நிறுவனத்தின் பெயரில், அவர்களுக்காகப் பறக்கும் ஒப்பந்தம் பாதுகாப்பானதா?

பதில்: எரிபொருள் விலை, டிக்கெட் விற்பனை ஆகிய கவலைகள் நீங்கும்; பறந்த அளவுக்குப் பணம் வரும். ஆனால் வாடிக்கையாளர் ஒரே ஒருவர். அமெரிக்காவின் எக்ஸ்பிரஸ்ஜெட் யுனைடெட் நிறுவனத்துக்காகப் பறந்து வந்தது. 2020-இல் யுனைடெட் அந்தப் பணியை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தவுடன், செப்டம்பர் இறுதியில் அதன் சேவை நின்றது. ஒப்பந்த நிறுவனம் எவ்வளவு திறமையாக இயங்கினாலும், முடிவு அதன் கையில் இல்லை.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தில் இவற்றைத் தாங்கிப் பிடிப்பது நியாயமா? சிற்றூர்களை விமானத்தால் இணைக்கும் இந்திய அரசின் உடான் திட்டத்தில் பல வழித்தடங்கள் நின்றுவிட்டனவே.

பதில்: சில வழித்தடங்களில் நியாயமே. அமெரிக்கா 1978-இல் விமானத் துறைக் கட்டுப்பாடுகளை நீக்கியபோதே, சிற்றூர்கள் கைவிடப்படாமலிருக்க அத்தியாவசிய விமானச் சேவைத் திட்டத்தையும் ஏற்படுத்தியது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே லோகன்ஏர் இயக்கும், இரண்டே நிமிடம் நீளும் சேவையும் அரசு நிதியுதவி தந்து அவசியமான சேவையை நடத்தச் செய்யும் பொதுச் சேவைக் கடமை என்ற ஏற்பாட்டில் நடப்பதே. ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் கடலைக் கடக்கும் வழியை லாப நட்டக் கணக்கில் மட்டும் எடைபோடக் கூடாது.

உடான் திட்டத்தின் சிக்கல் வேறு. 2017 ஏப்ரலில் முதல் விமானம் பறந்த அத்திட்டத்தில், சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு இருக்கைகளில் ஏறத்தாழ பாதிக்குக் கட்டணம் சுமார் 2,500 ரூபாய் என வரையறுக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்கு நிதியுதவி அளிக்கப்பட்டது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, ஆய்வுக்குட்பட்ட கட்டங்களில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. 112 மட்டுமே மூன்றாண்டுகளை நிறைவு செய்தன. அதன் பின்னும் நீடித்தவை 54. ஓடுபாதையும் முனையமும் தயாராகாமல் வழித்தடத்தை ஏலம் விட்டதும், சொந்தக் காலில் நிற்க வாய்ப்பில்லாத வழித்தடங்களுக்கும் அதே மூன்றாண்டுக் கெடு வைத்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்பது என் கணிப்பு. சந்தை வளர்ந்துவரும் ஊருக்கு மூன்றாண்டு போதும். மலையூருக்கும் தீவுக்கும் உதவி நிரந்தரமாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒரே விதிக்குள் அடைத்ததில் இரண்டு வகை ஊர்களுக்குமே பயனில்லை.

கேள்வி: கடைசியில் மூடப்படும் நாள் எப்படி வருகிறது? முன்பதிவு செய்த என்னைப் போன்றோர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பெரும்பாலும் அது பணப்புழக்கம் வற்றும் நாள். நீங்கள் அடுத்த மாதப் பயணத்துக்கு இன்று கட்டிய பணத்தில்தான் இன்றைய எரிபொருள் வாங்கப்படுகிறது. நிறுவனம் தடுமாறுகிறது என்ற செய்தி பரவியதும், கார்டு பணத்தைப் பட்டுவாடா செய்யும் வங்கி, பயணம் முடியும் வரை அந்தத் தொகையைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. எரிபொருள் விற்பவர் ரொக்கம் கேட்கிறார். விமான நிலையம் பழைய பாக்கியைக் கேட்கிறது. பயணிகள் முன்பதிவைத் தவிர்க்கிறார்கள். அந்த நிலையிலிருந்து மீண்டவை மிகச் சில.

பயணி செய்யக்கூடியவை எளியவை. நெடுநாள் முன்னதாகப் பதிவு செய்யாதீர்கள். கிரெடிட் கார்டில் பணம் கட்டுங்கள், ஏனெனில் சேவை கிடைக்காவிட்டால் வங்கி வழியாகத் தொகையைத் திரும்பக் கோர முடியும். பயணக் காப்பீடு எடுத்தால், நிறுவனம் நொடித்துப்போவதால் ஏற்படும் இழப்பு அதில் அடங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். நிறுவனம் மூடப்பட்ட பின் கலைப்பு அதிகாரியிடம் கோரிக்கை வைக்கலாம்; ஆனால் வரிசையில் பிணையுள்ள கடன்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் பின்னால்தான் நிற்பீர்கள். கைக்கு வருவது மிகவும் குறைவாகவே இருக்கும். ஆகவே வங்கியிடம் தொகையைக் கோருவதற்கான காலக்கெடுவைத் தவறவிடாமல் முதலில் அதைச் செய்யுங்கள்.