ஆளை வெளியே அனுப்பும் ஆங்கிலச் சொற்கள்: டீச்சரின் பதில்கள்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆளைத் துரத்துவது, தள்ளிவைப்பது, கழித்துக்கட்டுவது பற்றியவை. பாலக்காட்டுப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.எஸ்.சி. என்ற அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களிடமிருந்து சில, கேரள-தமிழக எல்லை நெடுகிலும் உள்ள மற்றவர்களிடமிருந்து சில. சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி (மாணவி, கொழிஞ்சாம்பாறை): பேனிஷ், எக்ஸைல், டிப்போர்ட் மூன்றுக்கும் கைடில் நாடுகடத்தல் என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது டீச்சர்?

கைடைத் திட்டாதே கண்ணு. தமிழிலும் மலையாளத்திலும் அந்த ஒரே சொல்லை வைத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருவர் கதையை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். சுதேசாபிமானி பத்திரிகையின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை, திருவிதாங்கூர் திவான் ராஜகோபாலாச்சாரியை விடாமல் எழுதி வாங்கு வாங்கென்று வாங்கினார். 1910 செப்டம்பர் 26 அன்று திருவிதாங்கூர் அரசு அச்சகத்தைப் பூட்டிச் சீல் வைத்தது. அவரைப் பிடித்து, ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டது. அரசு செய்த அந்தக் காரியத்துக்குப் பெயர் பேனிஷ். அதற்குப் பிறகு சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்து, 1916-இல் கண்ணூரில் கண்மூடும்வரை அவர் திருவிதாங்கூருக்குத் திரும்பவில்லை. அந்த வாழ்க்கை எக்ஸைல். எக்ஸைலுக்கு ஒருவர் தானாகவும் போகலாம், பேனிஷ் செய்ய மட்டும் இன்னொருவர் வேண்டும்.

டிப்போர்ட் சட்டத்தின் சொல். விசா முடிந்தும் வளைகுடாவில் தங்கியவரைப் பிடித்து விமானம் ஏற்றி அனுப்புகிறார்களே, அது டிப்போர்ட். வேற்று நாட்டவரை அவர் நாட்டுக்கு அனுப்புவது. நெய்யாற்றின்கரைக்காரரான பிள்ளைக்கு அந்தச் சொல் ஒத்துவராது. சந்தேகம் வந்தால் மூன்றைக் கேட்டுக்கொள்: தள்ளுவது யார், எங்கிருந்து, திரும்பி வர வழி உண்டா. முக்கால்வாசிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

கேள்வி (பகுதிநேர நிருபர், சித்தூர்): ரௌடி ஒருவரைக் 'காப்பா சுமத்தி நாடுகடத்தி' என்று மலையாளப் பத்திரிகையில் வந்தது. நான் ஆங்கிலத்தில் டிப்போர்ட்டட் என்று அனுப்பினேன். டெஸ்கில் சிரித்தார்களாம்.

சிரித்திருப்பார்கள்தான். அந்த ஆளை எந்த நாட்டுக்கு அனுப்பியதாக அவர்கள் நினைப்பது? காப்பா என்பது சமூக விரோதச் செயல்களைத் தடுக்கக் கேரளம் 2007-இல் கொண்டுவந்த சட்டம். அதன்படி ஒருவரைக் குறிப்பிட்ட மாவட்டத்துக்குள் ஒரு வருடம் வரை காலெடுத்து வைக்கக்கூடாது என்று போலீஸ் உத்தரவு போடலாம். அதற்கு இந்தியச் சட்ட ஆங்கிலத்தில் எக்ஸ்டர்ன் என்று பெயர், உத்தரவு எக்ஸ்டர்ன்மென்ட் ஆர்டர். லண்டன்காரருக்கு அந்தச் சொல் அவ்வளவாகப் புரியாது, பரவாயில்லை, நம் கோர்ட்டுகளுக்குப் புரியும். பாலக்காட்டுக்குள் வரக்கூடாது என்றால் வாளையார் தாண்டிக் கோயம்புத்தூரில் ரூம் எடுத்து இருந்துகொள்வார், அவ்வளவுதான்.

கேள்வி (ஒரு தகப்பனார், கோபாலபுரம்): பையனின் கல்லூரி நோட்டீஸில் ரஸ்டிகேட்டட் என்று இருக்கிறது. டீசி கொடுத்து ஒரேயடியாக அனுப்பிவிட்டார்களா?

பதறாதீங்க. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் ரஸ்டிகேட் என்றால் கொஞ்ச காலம் மட்டும் வெளியே இருக்கச் சொல்வது. கிராமப்புறத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது: ஊருக்குப் போய்க் கிட என்று அர்த்தம். நம் ஊரில் பேச்சில் அதை நிரந்தர நீக்கத்துக்கும் சொல்கிறார்கள். அதனால் நோட்டீஸில் எத்தனை செமஸ்டர் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். காலம் போட்டிருந்தால் திரும்பச் சேரலாம். ஒரேயடியாக அனுப்புவது எக்ஸ்பெல். விசாரணை முடியும்வரை நிறுத்திவைப்பது சஸ்பெண்ட்.

கேள்வி (ஆசிரியர் பயிற்சி மாணவர், மீனாட்சிபுரம்): ஊர் விலக்கு என்பதற்கு ஆஸ்ட்ரசைஸ் சரியா? பாய்காட் சரியா?

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆஸ்ட்ரசைஸ் ஏதென்ஸ் நகரத்துச் சொல். உடைந்த பானை ஓட்டுக்குக் கிரேக்கத்தில் ஆஸ்ட்ரகான் என்று பெயர். ஆண்டுக்கு ஒரு தடவை, இந்த வருடம் யாரையாவது வெளியே அனுப்பலாமா என்று சபையில் கேட்பார்கள். ஆமாம் என்றால், பிறகு ஒருநாள் எல்லோரும் பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். 6000 ஓடு என்பதுதான் கணக்கு. அது நிறைந்தால் மாட்டியவர் 10 வருடம் ஊருக்குள் தலைகாட்டக்கூடாது. குற்றச்சாட்டு கிடையாது, வாதாட இடமும் கிடையாது. ஆனால் சொத்து அப்படியே இருக்கும், குடியுரிமையும் போகாது, கெடு முடிந்ததும் வரலாம். முதல் முறை நடந்தது கி.மு. 487-இல். இதிலும் தில்லுமுல்லு உண்டு. தெமிஸ்டக்ளிஸ் என்ற தலைவரின் பெயர் கீறிய 190 ஓடுகள் அக்ரோபோலிஸ் பக்கம் ஒரு கிணற்றில் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் கையில் கொடுக்க முன்கூட்டியே தயார் செய்த சரக்கு என்கிறார்கள். பூத் சிலிப் அரசியல் நேற்று வந்ததல்ல.

இன்றைக்கு ஆஸ்ட்ரசைஸ் என்றால் ஓட்டும் இல்லை, கெடுவும் இல்லை. கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை ஒதுக்கினால் அந்தச் சொல் போதும்.

பாய்காட் ஒரு ஆளின் பெயர். அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜென்டாக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1880-இல் குத்தகைத் தகராறு முற்றியதும் ஊரே அவரை விட்டு விலகியது. அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை, தபால் கொண்டுவரக்கூட ஆள் வரவில்லை. வடக்கேயிருந்து ஐம்பது பேரைக் கூட்டிவந்து, பட்டாளக் காவலில் அறுத்தார்கள். அந்தக் காவலுக்கான செலவு விளைச்சலின் மதிப்பைப் போலப் பல மடங்கு. வருடம் முடிவதற்குள் ஆள் அயர்லாந்தை விட்டே கிளம்பிவிட்டார், பெயர் மட்டும் பத்திரிகைகளில் தங்கிவிட்டது.

இப்போது உங்கள் ஊர் விலக்குக்கு வருகிறேன். கதை, கட்டுரை எழுதினால் ஆஸ்ட்ரசைஸ் எழுதுங்கள். போலீஸுக்கு மனு எழுதினால் கட்டாயம் சோஷியல் பாய்காட் என்றே எழுதுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சோஷியல் பாய்காட்டைக் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் அந்தப் பிரிவினராகவும் ஒதுக்கியவர் அந்தப் பிரிவில் இல்லாதவராகவும் இருந்தால் அந்தப் பெயரில்தான் புகார் நிற்கும். தண்ணி பிடிக்க விடவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை, கோயிலில் வரி வாங்கவில்லை என்று நடந்ததை நாள் போட்டு எழுதுங்கள். அழகான சொல்லைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): மற்ற நாடுகள் ஒதுக்கிய நாட்டை ஆங்கிலச் செய்தியில் பரையா ஸ்டேட் என்று எழுதுகிறார்களே, நாமும் எழுதலாமா?

வேண்டாம். பறை அடித்த மக்களின் பெயரை ஐரோப்பியர்கள் இங்கிருந்து எடுத்துப் போய், யாரும் சேர்க்காதவன் என்ற பொருளில் உலகம் முழுக்கப் பரப்பினார்கள். லண்டனில் எழுதுகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், தமிழ் எழுதுகிறவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஐசொலேட்டட் என்றோ அவுட்காஸ்ட் என்றோ எழுதினால் செய்தி ஒன்றும் குறைந்துவிடாது. அவுட்காஸ்ட்டுக்குக் கடைசியில் ஒரு இ சேர்த்தால் சாதியிலிருந்து தள்ளப்பட்டவர் என்று அர்த்தம் மாறும், எழுத்தைக் கவனியுங்கள்.

கேள்வி (கடைக்காரர், வேலந்தாவளம்): 'மை ஓனர் வெக்கேட்டட் மீ' என்று வக்கீலுக்கு மெயில் போட்டேன். தப்பா?

தப்புதான் அண்ணா. வெக்கேட் செய்வது காலி பண்ணுகிற நீங்கள், காலி பண்ண வைக்கிற ஓனர் செய்வது எவிக்ட். கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1965-இன் 11-ஆம் பிரிவு எவிக்ஷன் பற்றியதுதான். கோர்ட் வழியில்லாமல் பூட்டை உடைத்துச் சாமானை ரோட்டில் வைத்தால், அதையும் எவிக்ஷன் என்று எழுதி அவருக்கு மரியாதை கொடுக்காதீர்கள். த்ரூ மீ அவுட் என்று எழுதுங்கள், வக்கீல் புரிந்துகொள்வார்.

கேள்வி (கூடலூரிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்): தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களை ரிபாட்ரியேட்டட் என்கிறார்கள். தாத்தா 'துரத்திவிட்டார்கள்' என்கிறார். எது சரி?

காகிதத்தில் ரிபாட்ரியேட் சரி. 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இருந்தது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் உங்கள் பக்கம் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்பது அந்தச் சொல்லின் பொருள். கண்டியில் பிறந்து கண்டியில் கொழுந்து பறித்தவருக்குச் சொந்த நாடு எது என்று யார் கேட்டார்கள்? தாத்தாவின் பேச்சை ஆங்கிலத்தில் எழுதினால் ட்ரிவன் அவுட் என்று எழுதும்மா. விண்ணப்பத்தில் மட்டும் ரிபாட்ரியேட் இருக்கட்டும், சலுகை அந்தச் சொல்லுக்குத்தான் கிடைக்கும்.

கேள்வி (கொல்லங்கோடு): மலையாளத்தில் 'படியடச்சு பிண்டம் வெச்சு' என்கிறார்களே?

உயிரோடு இருப்பவரைச் செத்தவராகக் கணக்கு வைத்து, வாசலை அடைத்து, பிண்டம் போடுவது. நம்பூதிரிக் குடும்பங்களில் நிஜமாகவே நடந்தது. 1905-இல் குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்ணை ஒழுக்கக் குற்றத்துக்காக விசாரித்த பிறகு, அவரோடு அறுபதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பிரஷ்டு, அதாவது சாதி விலக்கு, விதித்தார்கள். நம் சித்தூரும் அன்று அதே கொச்சி ராஜ்யம்தான். அந்தச் சடங்குக்கு எக்ஸ்கம்யூனிகேட். இன்று கட்சியிலிருந்து ஒருவரை நீக்கினாலும் மலையாளிகள் இதையே சொல்கிறார்கள், அங்கே எக்ஸ்பெல் போதும். வீட்டில் பிள்ளையைத் தலைமுழுகினால் டிஸ்ஓன்.

கேள்வி (ஒரு அம்மா, பொள்ளாச்சி ரோடு): பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு ஆங்கிலத்தில் வேண்டாம் என்று மெசேஜ் போடணும். ரிஜெக்ட் போடலாமா?

ஐயோ வேண்டாம் அம்மணி. ரிஜெக்ட் என்பது மார்க்கெட்டில் அழுகல் தக்காளியைக் கழிப்பது மாதிரி. ரெஃப்யூஸ் கொஞ்சம் முறைப்பு. டிக்ளைன் மரியாதை, ஆனால் ஆபீஸ் வாடை அடிக்கும். 'வி ஹேவ் டிசைடெட் நாட் டு ப்ரொசீட்' என்று போட்டு, கூடவே நன்றியும் சொல்லிவிடுங்கள். காரணம் எழுத வேண்டாம், எழுதினால் பதிலுக்குப் போன் வரும்.

கேள்வி (நல்லேப்பிள்ளி): குடும்ப வாட்ஸாப் குரூப்பிலிருந்து மச்சான் என்னை நீக்கிவிட்டார். ஆஸ்ட்ரசைஸ்டு என்று ஸ்டேட்டஸ் போடலாமா டீச்சர்?

ஒருத்தர் செய்தது ரிமூவ்தான் தம்பி. மற்றவர்கள் எல்லோரும் போனையும் எடுக்காமல், கல்யாணப் பத்திரிகையும் கொடுக்காமல் விட்டால் அப்போது போடுங்கள். அதற்கு முன்னால் அந்த குரூப்பில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ரிமூவ்டு என்று வந்ததா, லெஃப்ட் என்று வந்ததா என்று அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். கோபத்தில் நீங்களே வெளியேறியிருந்தால் மச்சானைச் சொல்லிக் குற்றமில்லை.