ஸ்டான்லியில் இலவசம்தானே, காப்பீட்டு அட்டை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாய் அடைக்காமல் வைக்கும் சிறு குழாய்) வைக்கணும் என்று சொல்லிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே? இங்கேயே அட்டையைக் காலி செய்துவிட்டால், நாளைக்குத் தனியாரிடம் போகவேண்டி வந்தால் என்ன செய்வது?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: தயங்காமல் கொடுங்கள் அம்மா. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தனியாரைப் போலவே அரசு மருத்துவமனையும் சிகிச்சைப் பணம் கேட்டு க்ளெய்ம் போடுகிறது. அந்தப் பணம் மருத்துவமனைக்கே வந்து, உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட் வாங்கவும் கருவிகளைச் சரிசெய்யவும் பயன்படுகிறது. நீங்கள் அட்டையை பீரோவில் பூட்டி வைத்தால், உங்கள் கணவருக்கான செலவு ஆஸ்பத்திரி பட்ஜெட்டில்தான் விழும்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். அதில் ஸ்டென்ட் சிகிச்சைக்கென நிர்ணயித்த பேக்கேஜ் தொகை மட்டுமே கழியும். அடுத்த பாலிசி ஆண்டில் 5 லட்சம் வரம்பு மறுபடி முழுதாகிவிடும்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில் வருகிறது. ரேஷன் கார்டில் 'செல்வம்', ஆதாரில் 'செல்வன்' என்றிருந்தால் அனுமதி அங்கேயே நிற்கும். புதிதாக வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். இவற்றை நோய் வருமுன் சரிசெய்து வையுங்கள். அட்டையே இல்லாதவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம்.

கேள்வி: அட்டையை ஏற்றுக்கொண்ட தனியார் மருத்துவமனை, அதற்கு மேல் 40,000 ரூபாய் கட்டச் சொன்னது. கட்டிவிட்டோம். இது முறையா?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முறையில்லை. அனுமதி கிடைத்த சிகிச்சைக்குப் பேக்கேஜுக்கு மேல் நோயாளியிடம் வாங்கக்கூடாது. 'அரசு தரும் தொகை கட்டுப்படியாகாது' என்று மருத்துவமனைகள் சொல்வதுண்டு. அது உண்மையாகவே இருந்தாலும் அரசிடம் பேசித் தீர்க்க வேண்டிய கணக்கு, நோயாளியின் தாலிக்கொடியை அடகு வைக்கச் செய்யும் கணக்கல்ல. ரசீதை எடுத்துக்கொண்டு 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் செய்யுங்கள். ரசீது இல்லாத பணத்துக்குப் பேச்சே எடுபடாது. இனிச் சேருமுன், அந்த மருத்துவமனை உங்கள் நோய்க்கான பிரிவில் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கண்ணுக்கு மட்டும் பதிவு செய்திருக்கும் இடத்தில் எலும்பு ஆபரேஷனுக்கு அட்டை செல்லாது.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரிகளைப் பெருக்காமல் தனியாருக்குக் காப்பீட்டுப் பணம் கொடுப்பது சரிதானா?
- வாசகர், ராயபுரம்

பதில்: காப்பீடு படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான் பெரிதும் உதவும். காசிமேட்டில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள ஒருவர் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அட்டையால் பயனில்லை. அங்கே கைகொடுப்பது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மொத்தக் கொள்முதலும், 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரைகளும்தான். தேசிய நலவாழ்வுக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போனது 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் அது 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, ஆனாலும் அதிகம். மக்கள் கையிலிருந்து போகும் இந்தப் பணத்தில் பெரும்பங்கு மருந்துக்குப் போகிறது. ஆகவே புதிதாக ஒரு ரூபாய் இருந்தால், முதலில் அது அரசு மருந்தகத்துக்கும் புறநோயாளிப் பிரிவுக்கும் போக வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: மணலியில் வேலை. ஜூனில் மாதச் சம்பளம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்பான 21,000-ஐத் தாண்டியது. இ.எஸ்.ஐ. போய்விட்டதா?

பதில்: உடனே போகாது. செப்டம்பர் 30 வரை சந்தா பிடிக்க வேண்டும். உங்கள் பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25 சதவீதம். அந்தச் சந்தாவுக்கான பயன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இ.எஸ்.ஐ.யில் புறநோயாளி மாத்திரையும் அடக்கம், தனியார் பாலிசிகளில் பெரும்பாலும் கிடையாது. தனியார் பாலிசி எடுப்பதானால் இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம்.