இக்னிஷன் காயிலும் இரண்டு ஆணியும்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பழைய காரின் இக்னிஷன் காயில், பேட்டரி, இரண்டு ஆணி வைத்துப் பொறி பறக்கவிட்டு, அடுத்த அறை ரேடியோவில் மோர்ஸ் தந்திக்குறி ஒலி கேட்க வைத்தான். பயந்துபோய் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். இரண்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. நான் செய்தது தப்பா?
– ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: நிறுத்தியது சரி. இரும்புக் கடையில் போட்டது தப்பு, அம்மா. அதற்கு நீங்கள் அவனிடம் வருத்தம் சொல்லத்தான் வேண்டும்.

உங்கள் பயம் நியாயமானது. அந்தக் காயில் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிவிடும். உரிமம் இல்லாமல் ரேடியோ அலை அனுப்புவது குற்றமும்கூட. ஆனால் அவன் செய்தது விஷமம் இல்லை. ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1880களில் ரேடியோ அலையைக் கண்டதே இப்படிப்பட்ட பொறியில்தான். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், பொறியில் பிறந்த அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்றவைத்தார்.

சின்ன வயதில் அல்சூரில் நானும் காலிங் பெல் காயிலை வைத்து இதையே செய்தேன். பக்கத்து வீட்டு அத்தைக்கு இலங்கை வானொலியில் பாட்டு போய்க் கரகரப்புதான் மிஞ்சியது. வீட்டில் அடி விழுந்தது. எதிர் வீட்டுத் தாத்தா ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் ஒரு கல்லைப் போட்டார். நாலு வளையம் கிளம்பி அடங்கியது. "உன் பொறி இதுதான். தடாலென்று விழும், உடனே அடங்கும். அதனால்தான் ஒரு ஸ்டேஷனோடு நிற்காமல் ஊரையே கலக்குது" என்றார். அப்புறம் ஒரு குச்சியை நீரில் ஒரே சீராக அசைத்துக்கொண்டே இருந்தார். வளையங்கள் சம இடைவெளியில் போய்க்கொண்டே இருந்தன. இப்படிச் சீரான அலை எழுப்பும் வால்வு (வெற்றிடக் குழாய்) வந்ததும் உலகம் பொறியைக் கைவிட்ட காரணம் எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது.

உங்கள் மகனுக்கு அப்படி ஒருவர் வேண்டும். முதலில் நீங்களே தொடங்குங்கள். பழைய ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, பக்கத்தில் சமையலறை கேஸ் லைட்டரை அழுத்துங்கள் (அடுப்பிலிருந்து தள்ளித்தான்). 'டப்' என்று கேட்கும். அதுவும் பொறி டிரான்ஸ்மிட்டர்தான், ஆனால் ஆபத்தில்லாதது. அப்புறம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஒரு சின்ன ரேடியோ செய்ய, ஒரு ஜெர்மேனியம் டயோடு, கேங் கண்டன்சர் (ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் பாகம்), கிரிஸ்டல் இயர்போன், காயில் சுற்றக் கொஞ்சம் செப்புக் கம்பி போதும். நீளமான ஏரியல் கட்டினால், பேட்டரியே இல்லாமல் 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு ஆகாசவாணியைப் பிடிக்கலாம்.

அனுப்பவும் ஆசைப்படுவான், விடமாட்டான். 12 வயது ஆனவர்கள் மத்திய அரசின் அமெச்சூர் ரேடியோ தேர்வை எழுதலாம். தேறி உரிமம் வாங்கினால் வியூ (VU) என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். பெங்களூரில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிளப்புகள் உண்டு, சொல்லித் தருவார்கள்.

இரண்டு நாள்தானே ஆகிறது? அந்தக் காயில் இன்னும் கடையில்தான் கிடக்கும். இன்று மாலையே அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.